கோழிக்குப் பெயர் கோடி!

கோழிப் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கேட்கிறார்.

"கோடி!" என்கிறது ஒரு குழந்தை.

மற்றக் குழந்தைகள் சிரிக்கின்றன. சொன்ன குழந்தையின் முகம் வாடிவிடுகிறது. அதற்குப் பிறகு அது வாய் திறப்பதில்லை.

அந்தக் குழந்தை சொன்னது தவறா? இல்லை. தெலுங்கில் கோழிக்குப் பெயர் கோடிதான். வீட்டில் அம்மா அப்படித்தான் சொல்லுகிறாள். பாட்டியும் அப்படித்தான் சொல்லுகிறாள். பிறந்ததிலிருந்து ஐந்து வருஷமாகக் கேட்டுவந்த சொல், பள்ளிக்கூடத்து வாசற்படியைத் தாண்டியதும் எப்படித் தப்பாகப் போயிற்று என்று குழந்தைக்குப் புரியவில்லை.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுக் கிராமங்களில் இப்படிப்பட்ட குழந்தைகள் ஏராளம். நாயக்கர் வீடுகளில் தெலுங்கு. ரெட்டியார் வீடுகளில் தெலுங்கு. அருந்ததியர் வீடுகள் பலவற்றிலும் தெலுங்கு. வடக்கே அருப்புக்கோட்டைப் பக்கம் போனால் கன்னடம் பேசும் நெசவாளர் வீடுகளும் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதவோ படிக்கவோ தெரியாது. எழுத்து, கணக்கு, கடிதம், பத்திரம் எல்லாம் தமிழில்தான். வீட்டுக்குள் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி. இரண்டையும் சண்டையில்லாமல் வைத்துக்கொண்டு பல தலைமுறைகளாக அவர்கள் வாழ்ந்து வருகிறார்கள்.

ஒரே ஊரில் எத்தனை மொழி!

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது எட்டயபுரம். மகாகவி பாரதியார் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி பிறந்த ஊர். அது மட்டும்தான் பலருக்குத் தெரியும்.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழ்க் காவியமாகப் பாடியவர் அவர். அரபுச் சொற்களைத் தமிழ் விருத்தத்துக்குள் உறுத்தாமல் உட்காரவைத்த புலவர்.

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமானதும் இங்கேதான். அவர் பாடியது பெரும்பாலும் வடமொழியில். அவர் குடும்பத்து வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய இசை நூலை 1904-ல் இதே எட்டயபுரத்தில் அச்சிட்டார். எந்த மொழியில் தெரியுமா? தெலுங்கில்! அதே 1904-ல்தான் பாரதியார் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை தமிழாசிரியராக வேலை பார்த்தார்.

தமிழ், அரபு, வடமொழி, தெலுங்கு என்று நான்கும் ஒரு சின்ன ஊரின் தெருக்களில் புழங்கின. தமிழ் அங்கே குறைந்தா போய்விட்டது? அந்த ஊரிலிருந்துதான் பாரதி வந்தார்.

கரிசல் காட்டுக்குப் பல மொழி புதிது அல்ல. பள்ளிக்கூடத்துக்குத்தான் அது இன்னும் பழகவில்லை.

தமிழ்க் குழந்தைக்கும் அதே கதை

வீட்டில் தமிழே பேசும் குழந்தைக்காவது சிரமம் இல்லை என்று நினைக்கலாம். அதுவும் சரியில்லை.

புத்தகத்தில் 'கண்மாய்' என்று இருக்கிறது. ஊரில் அது 'கம்மா'. புத்தகத்தில் 'மண்வெட்டி'. வீட்டு மூலையில் சாத்தியிருப்பது 'மம்பட்டி'. புத்தகத்தில் 'வேளாண்மை'. அப்பா பேசுவது 'வெள்ளாமை'. 'வாழைப்பழம்' என்று எழுதச் சொன்னால், தென்பாண்டிக் குழந்தை காதில் கேட்டபடி 'வாளப்பளம்' என்று எழுதிவைக்கிறது. சிவப்பு மை விழுகிறது.

சிவப்பு மை விழத்தான் வேண்டும். எழுத்துத் தமிழ் எல்லா ஊருக்கும் பொதுவானது. கோவில்பட்டிப் பையன் எழுதியதைக் கோயம்புத்தூர்க்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் படிக்கவேண்டும் என்றால் 'ழ' 'ழ'வாகவே இருந்தாகவேண்டும். அதில் சமரசம் கூடாது.

ஆனால் எப்போது, எந்த முறையில் திருத்துவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. "கம்மா என்று நீ சொல்லுவதைப் புத்தகத்தில் கண்மாய் என்று எழுதுவார்கள்" என்று சொல்லும் ஆசிரியர், குழந்தைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததுக்கு ஒரு படி கட்டிக்கொடுக்கிறார். "கம்மா என்று சொல்லாதே, அது தப்பு" என்று சொல்லுபவர், இருந்த படியையும் இடித்துவிடுகிறார்.

கோடி சொன்ன குழந்தைக்கும் இதேதான். தெலுங்கில் கோடி, தமிழில் கோழி. தெலுங்கில் பாலு, தமிழில் பால். தெலுங்கில் நீள்ளு, தமிழில் நீர். உப்பு என்றால் இரண்டிலும் உப்புத்தான். அக்காள் தங்கை போன்ற மொழிகள் இவை. இதைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், சிரித்த குழந்தைகளும் இரண்டு சொல்லைக் கற்றுக்கொள்ளும். கேலிக்கு ஆளான குழந்தை அன்று வகுப்புக்கே வாத்தியாராகிவிடும்.

இடைசெவல் தந்த இருவர்

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கிராமத்தில், 1923-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கி. ராஜநாராயணன். மற்றொருவர் கு. அழகிரிசாமி. இரண்டு வீட்டிலும் பேச்சு மொழி தெலுங்கு. அந்த இருவரும் வளர்ந்து தமிழின் தலைசிறந்த சிறுகதை ஆசிரியர்கள் ஆனார்கள்!

அழகிரிசாமிக்கு 1970-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. அந்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். ராஜநாராயணனுக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல் அதே பரிசு வந்தது. அதோடும் நிற்கவில்லை. இதே கரிசல் மண்ணிலிருந்து பூமணிக்கு 2014-லும், சோ. தர்மனுக்கு 2019-லும் சாகித்ய அகாதமி பரிசுகள் வந்தன. மழை சரியாகப் பெய்யாத சீமைக்கு இது பெரிய விளைச்சல்தான்.

ராஜநாராயணன் உயர்நிலைப் படிப்பை முடித்தவர் அல்ல. கரிசல் சம்சாரி. ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைப் படித்தவர்கள் யாரும் அதுவரை செய்யவில்லை. கரிசல் காட்டு மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி, பொருள் எழுதி, ஓர் அகராதியே தொகுத்துவிட்டார். பருத்தி எடுத்து முடிந்தபின் காட்டில் நிற்கும் காய்ந்த செடிக்குப் 'பருத்திமார்' என்று பெயர். அடுப்பெரிக்கும் பெண்களுக்கெல்லாம் தெரிந்த சொல் அது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளுவது 'வெஞ்சனம்'. இப்படி ஆயிரம் சொற்கள் ஊர் வாயில் உயிரோடு இருக்கின்றன. அவை கொச்சை அல்ல, கருவூலம் என்று அவர் காட்டினார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. 2021 மே மாதம் அவர் காலமானபோது அரசு மரியாதையுடன் இடைசெவலில் அடக்கம் செய்தார்கள்.

2019-ல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இந்த இரண்டு நண்பர்களுமே இடம் பெற்றார்கள். ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' ஒரு பாடம். அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்' ஒரு பாடம். மகிழ்ச்சிதான். ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் கரிசல் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அதே பேச்சைப் பாடமாக வைத்து, அதன் சுவையை விளக்குமாறு கேள்வி கேட்கிறார்கள்! மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்ட பிள்ளைக்குத் தன் பேச்சும் பாடப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தீப்பெட்டி ஆபீஸ்

படிப்பை விட்ட பிள்ளைகள் முன்பு எங்கே போனார்கள் என்பது கரிசல் சீமைக்குத் தெரியும். தீப்பெட்டித் தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். 1970, 80-களில் விடியுமுன்பே ஊர் ஊராக ஆபீஸ் பஸ் வரும். சிறுமிகள் தூக்குச் சட்டியோடு ஏறுவார்கள். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை. எண்ணிக்கைக் கணக்கில் கூலி. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அதையடுத்துச் சிவகாசிப் பகுதியில் வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் திறந்தார்கள். இயந்திரங்களும் வந்தன. பெற்றோர் மனமும் மாறியது. அந்தக் காட்சி பழங்கதையாகிவிட்டது.

பிள்ளைகளை வேலைக்கு இழுத்தது பசிதான், மொழி அல்ல என்பார்கள். உண்மை. பசியைப் போக்கத்தான் 1956-ல் காமராஜர் பகல் உணவுத் திட்டத்தை இதே எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. சோறு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். மதியம் சாப்பிட்டபிறகும் அங்கேயே உட்காரவைப்பது எது? பாடம் காதில் ஏறவேண்டும். ஏறாத பாடத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை எத்தனை நாள் சும்மா இருக்கும்? வீட்டில் ஒரு சின்னக் கஷ்டம் வந்தாலும், ஊமையாக உட்கார்ந்திருந்த பிள்ளைதான் முதலில் நின்றுவிடுகிறது.

பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தது. 1990-களின் தொடக்கத்தில் நடந்த இயக்கம் அது. கோவில்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் உள்படப் பல எழுத்தாளர்கள் அதில் ஊர் ஊராக நடந்தார்கள். அறிவொளிப் புத்தகம் அ, ஆ என்று தொடங்கவில்லை. முதல் பாடமே 'பட்டா'! ப, ட இரண்டும் நேர்க்கோடுகள். மம்பட்டி பிடித்துக் காய்த்துப்போன கையும் எளிதில் போட்டுவிடும். அதோடு, பட்டா என்றால் நிலத்துக்கு அத்தாட்சி. கைநாட்டு வைத்து ஏமாந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும். அவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொல் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே வந்தது.

புதிதாக வந்த குழந்தைகள்

இப்போது கரிசல் பள்ளிகளின் வாசலில் வேறொரு குழந்தை நிற்கிறது.

பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து பஞ்சாலை வேலைக்கும் கட்டிட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் தமிழ்நாடெங்கும் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். முதலில் வாலிபர்கள் தனியாக வந்தார்கள். பிறகு சிலர் குடும்பத்தோடு வந்தார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் பார்க்கலாம். 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தக் குழந்தையையும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்தாயிற்று. பிறகு?

அந்தப் பிள்ளையின் சிரமம் தெலுங்குப் பிள்ளையின் சிரமத்தைவிடப் பெரியது. கோடியும் கோழியும் போல் உறவுச் சொற்கள் அதற்கு அதிகம் கிடைக்காது. எழுத்திலும் புதிய முடிச்சுகள். இந்தியில் 'க' வரிசைக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒரே எழுத்து. 'கல்' என்பதில் ஒரு விதமாக, 'பகல்' என்பதில் ஒரு விதமாக, 'தங்கம்' என்பதில் இன்னொரு விதமாக அந்த ஒரே 'க' ஒலிக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும். வடக்கிலிருந்து வந்த பிள்ளைக்கு யாராவது சொல்லவேண்டும். 'கொடு' என்றால் வேறு, 'கோடு' என்றால் வேறு. அந்தக் குறில் நெடில் வித்தியாசம் அதன் காதுக்கு எட்டச் சில மாதமாவது ஆகும். 'ழ' பற்றிக் கேட்கவே வேண்டாம்! இதெல்லாம் தெரியாத ஆசிரியர், பிள்ளையை மந்தபுத்தி என்று முடிவு கட்டிவிடுவார்.

அண்டை மாநிலமான கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் 'ரோஷ்ணி' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்த தொண்டர்கள் பள்ளி தொடங்குமுன் காலையில் ஒன்றரை மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலிருந்தே மலையாளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தமிழ்நாட்டிலும் திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து புத்தகம் தருவித்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. சூளைப் பிள்ளைகள் சில மாதத்தில் ஊர் திரும்புகிறவர்கள். அவர்களுக்கு அது பொருத்தம். கோவில்பட்டியில் குடியேறி வாழப்போகிற பிள்ளைக்கு எர்ணாகுளத்து வழிதான் பொருந்தும்.

இதற்கு ஆள் வேண்டுமே என்று கேட்கலாம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள கிராமப் பள்ளி என்ன செய்யும்?

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். முந்திப் படித்தவன், பிந்தி வந்தவனுக்கு மணலில் விரல் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் வழக்கத்தை இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்து முழுவதும் 'மதராஸ் முறை' என்று பேரெடுத்தது! சீமை வரை போன சட்டாம்பிள்ளையை உள்ளூரில் மறந்துவிட்டார்கள். ஒரு வருஷம் முன்னால் வந்து தமிழ் பேசப் பழகிவிட்ட ஒடியாச் சிறுமியைப் புதிதாக வந்தவளுக்குப் பக்கத்தில் உட்காரவைக்க எந்த உத்தரவும் தேவையில்லை.

"தமிழ் கெட்டுவிடாதா?"

இப்படிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். வீட்டு மொழியை வகுப்பில் விட்டால் தமிழ் கெட்டுவிடும் என்பார்கள். தமிழ்மேல் உள்ள பற்றில் சொல்லுகிறார்கள். ஆனால் நடந்ததைப் பார்க்கவேண்டும். தெலுங்கு வீட்டிலிருந்து வந்த இடைசெவல் இருவரும் தமிழைக் கெடுத்தார்களா?

தமிழ் தன்னை மாற்றிக்கொள்ளத் தெரிந்த மொழி. 'லை', 'னை', 'றா', 'னா' போன்ற எழுத்துக்கள் முன்பு கொம்பும் சுழியுமாக வேறு வடிவத்தில் இருந்தன. பெரியார் பல ஆண்டுகளாகத் தம் பத்திரிகையில் கையாண்டுவந்த எளிய வடிவத்தை 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அப்போதும் சிலர் முகம் சுளித்தார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது. தமிழுக்கு ஒரு சேதமும் இல்லை.

தமிழ் கட்டாயமா என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டப்படி, ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. தாய்மொழி வேறாக உள்ளவர்கள் விரும்பினால் அதையும் தனிப் பாடமாகப் படிக்க அதில் இடம் வைத்தார்கள். மொழிச் சிறுபான்மையோர் சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் நியாயமானது. தாலுகா ஆபீசும் ஆஸ்பத்திரியும் பஸ் பலகையும் தமிழில் இருக்கும் நாட்டில், தமிழ் தெரியாமல் வளரும் பிள்ளைதான் நஷ்டப்படும். ஆனால் கட்டாயம் என்று எழுதிவிட்டால் போதாது. வேறு மொழி வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் கற்றுத்தரும் முறையை ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்குப் பயிற்சியாகத் தரவேண்டும். தாய்மொழியில் தொடங்கும் படிப்புத்தான் சுலபம் என்று 1953-லேயே யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. 1956-ல் இந்திய அரசியல் சட்டத்திலும் 350-ஏ என்ற பிரிவு அதற்காகச் சேர்ந்தது. எழுபது வருஷத்துக்கு முந்திய ஞானம்!

கடல் கடந்த தமிழர்கள் இந்தச் சங்கடத்தை நன்றாக அறிவார்கள். மலேசியாவில் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழிக்கு மாறவேண்டும். மலாய் போதாத பிள்ளைகளுக்கென்று நடுவில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு வைத்திருந்தார்கள். அழகிரிசாமி 1950-களில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். அங்கே தமிழ்ப் பிள்ளை இருக்கும் இடத்தில், இங்கே ஒடியாப் பிள்ளை இருக்கிறது.

வடக்கிலிருந்து வந்தவர்களை ஏளனமாகப் பேசுவது இப்போது சில இடங்களில் கேட்கிறது. கரிசல் காட்டிலாவது அது கேட்கக்கூடாது. 'கோபல்லபுரம்' நாவலின் கதையே, வடக்கே தெலுங்குச் சீமையிலிருந்து பயந்து ஓடிவந்து, கரிசலில் காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பங்களின் கதைதான். கயத்தாற்றில் 1799-ல் தூக்குமேடை ஏறிய வீரபாண்டிய கட்டபொம்மன் பிறந்த குலத்திலும் வீட்டுப் பேச்சு தெலுங்கு.

1901-ல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியவர்கள், தஞ்சாவூர் நெல்லைக் கொண்டுவந்து இங்கே நடவில்லை. கரிசல் மண்ணையும் வானம் பார்த்த மழையையும் அறிந்து, அதற்கேற்ற பருத்தியையும் சோளத்தையும் தேடினார்கள். பள்ளி அதிகாரிகள் ஒருநாள் அந்த நிலையத்தைப் போய்ப் பார்த்துவரலாம்.

பிள்ளைகளோடு பெற்றோருக்கும் தமிழ் வேண்டும். பஞ்சாலையிலோ கட்டிடத்திலோ வேலை முடிந்து வரும் தாய்க்கு, பிள்ளையின் சிலேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் வீட்டிலும் பாடம் நடக்கும். அறிவொளி போல மாலை வகுப்பு ஒன்று நடத்தலாம். ஆனால் அவர்களிடம் பட்டா கிடையாது. நிலமும் கிடையாது. அவர்களுடைய முதல் பாடம் 'சம்பளம்', 'வாடகை', 'மருந்து' என்று இருக்கட்டும். மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், அடுத்த வாரம் கூலிச் சீட்டைத் தாமே பார்த்து வாங்குவார்.